பச்சவிளக்கு மாமுவும் ஒரு டேங்க் டீசலும்

ஆக்ஸிலேட்டரை மிதிக்காமலேயே கார் ஓட்டத் தெரிந்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் ராயபுரத்தில் இருக்கிறார். பெயர் பச்சவிளக்கு மாமு. இல்லை, அவரும் மிதிப்பார் என்று யாராவது சண்டைக்கு வந்தால், அவர்கள் அவர் வண்டியில் ஏறியதில்லை என்று அர்த்தம். நான் வருஷக்கணக்கில் ஏறியவன். மாமுவின் வலது கால் பெடலை மிதிக்காது, தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தடவிக்கொடுக்கும். வண்டியும் குழந்தை மாதிரியே தூங்கிக்கொண்டு போகும்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. ராயபுரத்திலிருந்து நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு ஷேர் காரில் போய்வந்தோம். டீசல் வண்டி. டிரைவரோடு சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். கியருக்குப் பக்கத்தில் 'ஈகோ' என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் டாஷ்போர்டில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரியும். வண்டி வாங்கிய அன்று ஷோரூம்காரர், "இது எரிஞ்சிட்டிருந்தா டீசல் மிச்சம் சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எரிய ஆரம்பித்த விளக்கு, மாமு கையில் அப்புறம் அணையவே இல்லை. தினமும் காலையில் கண்ணாடியைத் துடைக்கிறாரோ இல்லையோ, அந்த விளக்கைத் துடைப்பார். வெள்ளிக்கிழமையானால் அதற்குப் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைப்பார்.

மாமு காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். அதே படகில் இன்ஜின் பார்த்தவர் அவருடைய தோஸ்து ஜோசப். இடுப்பு வலி வந்து இரண்டு பேரும் கடலை விட்டபோது, படகில் இருந்த பங்கை விற்று, சேர்ந்து வாங்கியதுதான் இந்தக் கார். வாங்கியது கார் என்பதை இரண்டு பேருமே கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. படகில் மீன் விற்றதும் முதலில் டீசல் செலவைக் கழிப்பார்கள். அப்புறம் படகுக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆட்களுக்கு. கார் வந்த பிறகும் அதே முறைதான். டீசலைக் கழித்து, வண்டிக்கு ஒரு பங்கு வைத்து, மிச்சத்தை இரண்டாகப் பிரிப்பார்கள். தீபாவளிக்கு வண்டி தன் பங்கிலிருந்து தனக்கே புது சீட் கவர் எடுத்துக்கொண்டது.

காலையில் மாமு ஓட்டுவார். மத்தியானம் கல்மண்டபம் டீக்கடையில் சாவியை ஜோசப்பிடம் கொடுப்பார். சாயங்காலம் எங்களைத் திரும்பக் கொண்டுவருவது ஜோசப்.

காலைப் பயணம் என்பது ஒரு தவம். முதலில் எங்களை எடைபோட்டு உட்காரவைப்பார். படகில் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். காரிலும் அவருக்கு அப்படித்தான்.

"நைனா, நீ ஒல்லி, அணியத்துல குந்து. ரோஸி மேடம் நடு சீட்ல அந்தாண்ட ஓரம். சேஃப்டி சார் நட்ட நடுவுல."

சேஃப்டி சார் என்பவர் கப்பல் கட்டும் தளத்தில் பாதுகாப்பு அதிகாரி. நல்ல ஆகிருதி. அவர் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கத்து டயர் அதிகம் தேய்ந்து, டீசல் அதிகம் குடிக்கும் என்பது மாமுவின் சித்தாந்தம். ஒருநாள் அவர் நாலு அடுக்கு டிபன் கேரியரோடு வந்தபோது, மாமு கதவைத் திறக்கவே இல்லை.

"சார், நாஸ்டாவ இங்கயே துன்னுட்டு ஏறு."

"ஏம்ப்பா, கேரியர்ல இருந்தா என்ன, வயித்துல இருந்தா என்ன? எடை ஒண்ணுதானே?"

"வவுத்துல கீறது உன் கணக்கு. கேரியர்ல கீறது வண்டி கணக்கு."

சேஃப்டி சார் நடைபாதையில் நின்று எட்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு ஏறினார். வண்டி லேசாகப் போகிறது என்று மாமு வழியெல்லாம் சந்தோஷப்பட்டார்.

அப்புறம் காற்று. கிளம்புவதற்கு முன்னால் ஒரு விரலை வாயில் ஈரப்படுத்தித் தூக்கிப் பிடிப்பார். வடக்கேயிருந்து வாடைக்காற்று அடித்தால் எங்களுக்கு எதிர்க்காற்று. ஏசி என்றைக்குமே கிடையாது, அன்று கண்ணாடியும் இறக்கக்கூடாது, பேச்சும் குறைவாக இருக்க வேண்டும். பேச்சுக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அதற்குப் பதில் சொன்னால் டீசல் செலவாகும் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். தெற்குக் காற்று அடித்தால் கொண்டாட்டம். நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, "காத்தே தள்ளிகினு போய்டும் பாரு" என்பார். காற்று தள்ளியதா தெரியவில்லை. திருவொற்றியூர் தாண்டும்போது எங்கள் தலையெல்லாம் தேங்காய் நார் மாதிரி ஆகியிருக்கும்.

எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்குமே, அங்கேதான் மாமுவின் முகத்தில் தெய்வீகக் களை வரும். லாரி நகராது, நாங்களும் நகர மாட்டோம். இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். மாமு பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாத்தியா நைனா, நிக்க சொல்லோ கூட மிச்சம் புடிச்சிகினே கீது."

"மாமு, நின்னுட்டிருந்தா எல்லா வண்டியும் ஒரே மாதிரிதான் குடிக்கும். ஈகோ என்ன பண்ணும்?"

"அது மத்த வண்டி."

ஒருநாள் ஒரு மீன்பாடி வண்டி எங்களைத் தாண்டிப் போனது. மூன்று சக்கரம், மேலே ஐஸ் பெட்டிகள், எல்லாம் கால் பலத்தில் போவது. ஓட்டிப்போனவர் திரும்பிப் பார்த்து, "இன்னா மாமு, டயர் பஞ்சரா? தள்ளணுமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது. மாமு நிதானமாக, "போ நைனா, நீ ஜல்தியா போயி இன்னாத்த கண்ட?" என்றார்.

சாயங்காலம் நேர் எதிர். ஜோசப் சாவியை வாங்கியதும் முதல் வேலையாகப் பட்டனை அமுக்கி விளக்கை அணைப்பார். "இத்தப் போட்டா வண்டி மாசமா கீற பொம்பள மாதிரி நவுருது" என்பார். அப்புறம் ஒரு மிதி. வள்ளூர் அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகள் ஜன்னலில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ரோஸி மேடம் ஜெபமாலையைக் கையில் எடுப்பார். மேடம் எங்கள் பக்கத்து கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். காலையில் மாமு வண்டியில் உட்கார்ந்து ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைத்து முடிப்பவர், மாலையில் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லுவார். காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டு கிளம்பினால் ஆபீஸ் போவதற்குள் தாடி முளைக்கும், மாலையில் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் இருப்போம். நடுவில் ஒரு சாதாரண வேகம் இருக்கிறது என்பதையே நான் மறந்துவிட்டேன்.

வம்பு வந்தது டேங்கினால். ஓட்டுபவர்கள் இரண்டு, டேங்க் ஒன்று. யார் கால் எவ்வளவு குடித்தது என்று டேங்க் வாயைத் திறந்து சொல்லாது. டீசலைக் கழித்த பிறகு பங்கு பிரிக்கும்போது, மாமு பெருமூச்சு விடுவார்: "காலைல பொத்திப் பொத்தி சேக்கறேன், சாய்ந்தரம் ஒருத்தன் ஊத்திக் கவுக்கறான்." ஜோசப் சும்மா இருப்பாரா? "யோவ், உன் ஆமை ஓட்டம்தான்யா குடிக்குது. ரோட்ல அவ்ளோ நேரம் இன்ஜின் ஓடிகினே கீதே, அது தண்ணியா குடிக்கும்?" என்பார்.

பெருமூச்சு பேச்சானது, பேச்சு ஏச்சானது. ஒருநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் ஜோசப் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"வித்துடலாம் மாமு. வண்டிய வித்துட்டு பங்கப் பிரிச்சிக்கலாம். தெனம் இந்த பேஜாரு எனக்கு வாணாம்."

மாமு சிரித்தார், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு. ஜோசப் சிரிக்கவில்லை. கடல் போய்விட்டது, இனி காரும் போனால் மாமுவுக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமே கிடையாது. "வூட்ல குந்திகினு டிவில மீன் கொயம்பு வெக்கிறதப் பாக்கச் சொல்றியாடா?" என்று மட்டும் கேட்டார்.

ரோஸி மேடம்தான் நடுவில் புகுந்தார். "அண்ணே, சண்டை அந்த விளக்காலதானே? விளக்கு டீசலை மிச்சம் பிடிக்குதா இல்லையான்னு பார்த்துட்டா முடிஞ்சுது."

அங்கேயே ஒரு பேச்சு முடிவானது. விளக்கு மிச்சம் பிடிப்பது நிஜமானால் ஜோசப்பும் அதைப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், வண்டி விற்பனைக்கில்லை. பொய்யானால் வண்டியை விற்றுவிட வேண்டும். மாமு உடனே ஒத்துக்கொண்டார். தன் விளக்குமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை சோதனை. முறை, படகுக்காரர்கள் முறை: கழுத்துவரை டீசல் நிரப்பு, காட்டுப்பள்ளிக்குப் போய் வா, மறுபடியும் கழுத்துவரை நிரப்பு, எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு குடித்திருக்கிறது. காற்றுக்குமிழி நிற்கக்கூடாது என்று மாமு எங்களை இறக்கி வண்டியை ஆட்டச் சொன்னார். பெட்ரோல் பங்க்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பாதுகாப்பு அதிகாரியும் ஒரு கணக்கு மேடமும் நானும் ஆளுக்கொரு மூலையில் காரைப் பிடித்துத் தொட்டில் ஆட்டினோம். டீசல் போட்டவர் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிட்டார்.

மேடம் இன்னொரு நிபந்தனை போட்டார். விளக்கு எரிவது தெரிந்தால் ஓட்டுபவர் அதற்குத் தகுந்தபடி ஓட்டுவார், அதனால் விளக்கு தெரியவே கூடாது. கைப்பையிலிருந்து காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை எடுத்து விளக்கின்மேல் ஒட்டினார். பட்டனை அமுக்குவதும் விடுவதும் அவர் பொறுப்பு, வேறு யாருக்கும் தெரியாது. விளக்குக்குப் பிளாஸ்திரி போட்டதைப் பார்த்து மாமு கலங்கிப்போனார். "அடிபட்ட மாரி கீதும்மா" என்றார்.

முதல் ஞாயிறு மாமுதான் ஓட்டினார். போகும்போது பெடலைத் தடவி, தலையை ஆட்டி, "போட்டுகீற மேடம். கால்ல தெரியுது. வண்டி பஞ்சு மாரி போவுது" என்று அடித்துச் சொன்னார். அடுத்த ஞாயிறும் அவரேதான். அன்று முகத்தைச் சுளித்தபடியே ஓட்டினார். "இன்னிக்கு ஆஃப்ல கீது. கலீஜா இழுக்குது. என்ன டபாய்க்க முடியாது." இரண்டாவது தடவை நிரப்பி முடித்ததும் மேடம் முடிவைச் சொன்னார். இரண்டு வாரமும் இறங்கிய டீசலில் ஒரு டம்ளர் வித்தியாசம்கூட இல்லை. போதாதற்கு, முதல் வாரம் ஆஃப், இரண்டாவது வாரம் ஆன்.

சேஃப்டி சார் கடகடவென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மாமு முகத்தைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்த பட்டன் ஒண்ணும் ஏமாத்து இல்லண்ணே" என்றார் மேடம், மெதுவாக. "ஓங்கி மிதிக்கிறவங்க காலைக் கொஞ்சம் அடக்கும், ஏசியைக் கொஞ்சம் குறைக்கும். நீங்க ஏசியே போடறதில்ல, மிதிக்கறதும் இல்ல. உங்ககிட்ட அது அடக்கறதுக்கு என்ன இருக்கு?"

அது பாராட்டுதான். ஆனால் மாமு காதில் விழுந்தது வேறு: விளக்கு பொய், வண்டி போச்சு. ஜோசப் தலையைக் குனிந்துகொண்டு, "பேச்சு பேச்சுதான் மாமு" என்றார். "அதுக்கு இன்னா" என்றார் மாமு. அவ்வளவுதான் பேசினார்கள்.

ஆனாலும் மேடம் விடவில்லை. ஜோசப் கால் எவ்வளவு குடிக்கிறது என்பதும் தெரிய வேண்டாமா, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு என்றார். சோதனையில் மாமுவுக்கு ஆசையே இல்லை. கடைசியாக ஒரு தடவை அந்த வண்டியில் போய்வரலாம் என்றுதான் வந்தார். இந்தத் தடவை யாருக்கு எந்த சீட் என்று அவர் சொல்லவில்லை. விரலைக்கூட ஈரப்படுத்தவில்லை. பேசாமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தார், நான் பின்னால் போனேன். சேஃப்டி சார் ஓர சீட்டில் உட்கார்ந்தார், அதையும் அவர் கவனிக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜோசப் வழக்கம்போல் ஒரு மிதி மிதித்தார். மேடம் ஜெபமாலையைத் தேடினார். காசிமேடு போய்விட்டது, தண்டையார்பேட்டை போய்விட்டது. அப்போது மாமு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ஏதோ சொன்னார்.

"இன்னா?" என்றார் ஜோசப்.

"காது எப்டிகீதுன்னு கேட்டேன்."

"எந்தக் காது?"

"கேக்காத காது."

"அது கேக்கல."

இத்தனை வருஷம் படகு இன்ஜினுக்குப் பக்கத்திலேயே குந்திக் குந்தி ஜோசப்புக்கு இடது காது பாதி போய்விட்டது. காரில் பக்கத்து சீட்டு இடதுபுறம்தானே? மாமு பேசினால் அவருக்குக் கேட்காது. கேட்க வேண்டுமென்றால் இன்ஜின் சத்தம் அடங்க வேண்டும். ஜோசப் காலை எடுத்தார். வண்டி மெதுவானது.

"இப்ப சொல்லு" என்றார்.

மாமு சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டால் எதைச் சொல்லுவேன்? ஜோசப் வீட்டு மருமகள் வைத்த இறால் தொக்கு உப்பு, மாமுவின் மூட்டு வலிக்கு எவரோ கொடுத்த தைலம் பூனையைத் துரத்தியது, படகில் வலையோடு வந்த ஆமையை விட்டபோது அது திரும்பித் திரும்பிப் பார்த்தது, அதற்கு ஜோசப் டாட்டா காட்டியது. "நா டாட்டா காட்டல, நீதான்" என்று ஒரு சண்டை. ஒவ்வொரு தடவை இன்ஜின் கொஞ்சம் உறுமினாலும் ஜோசப், "இரு இரு" என்று காலைத் தூக்குவார். எண்ணூர் லாரி வரிசையில் நின்றபோது அந்த ஆள் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. ஒரு மோட்டார் பொருத்திய மீன்பாடி வண்டி எங்களைத் தாண்டிப் போனதை அவர் பார்க்கக்கூட இல்லை. மேடம் ஜெபமாலையை உள்ளே வைத்துவிட்டார்.

பங்க்கில் மறுபடி நிரப்பினோம், ஆட்டினோம். மாமு ஓட்டியபோது இறங்கிய அதே அளவுதான் இறங்கியது. அதிலும் சொட்டுக் குறைவு என்று சேஃப்டி சார் சொன்னார்.

ஜோசப்புக்கே நம்ப முடியவில்லை. "ஈகோவ போட்டு வெச்சிட்டியா மேடம்?"

"இல்லண்ணே. இன்னிக்கு ஆஃப்."

"அப்பால எப்டி?"

டீசல் போட்டவர்கூட குழாயைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜோசப் யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கடல்ல நாள் முச்சூடும் இவன் பேச்சத்தான் கேட்டுகினு இருந்தேன். கார் வாங்கனப்பறம் தெனம் ஒரு டீ, ஒரு சாவி. அவ்ளோதான். சாய்ந்தரம் வண்டில ஏர்றவங்க எல்லாம் காதுல எதயோ மாட்டிகினு குந்திகிறாங்க. தனியா ஓட்டினா இன்னா பண்றது? சட்டுனு வூட்டுக்குப் போயிடலாம்னு அமுக்கறேன்."

நான் என் காதிலிருந்த எதையோ மெதுவாகக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டேன்.

மாமு மூக்கை உறிஞ்சினார். "அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா? வண்டிய வித்துடலாம்றான் சோமாறி."

"நீ கேட்டியா? எப்பப் பாரு டீசலு, டீசலு."

"செவிட்டுப் பயகிட்ட வேற இன்னாத்தப் பேசறது?"

இப்படியாக வண்டி விற்பனை ரத்தானது.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. காலையில் மாமு ஓட்ட, ஜோசப் பக்கத்தில். சாயங்காலம் ஜோசப் ஓட்ட, மாமு பக்கத்தில். டீசல் நன்றாகவே மிச்சமானது. ஆனால் முன்சீட்டில் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த நான் பின்னால் போய்விட்டேன், கடைசி வரிசையில் வந்துகொண்டிருந்த ஒருவர் இடமில்லாமல் வேறு வண்டி பார்த்துக்கொண்டார். மிச்சம் பிடித்த டீசலைவிட ஒரு ஆள் போன நஷ்டம் பெரிதென்று ரோஸி மேடம் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டார்கள். "அது உன் கணக்கு மேடம்" என்றார் மாமு. ஜோசப் முதன்முறையாக அதை ஆமோதித்தார்.

எனக்குத்தான் நரகம். முன்பெல்லாம் சாயங்காலமாவது சீக்கிரம் வீடு போவேன், இப்போது இரண்டு வேளையும் தவம். சேஃப்டி சாருக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டே போனேன். இந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனி ராயபுரத்திலிருந்தே பஸ் விட்டது. ஏசி பஸ், இலவசம், ஜன்னலோர சீட். ஒருநாள் அதில் போனேன். ஒன்பதுக்கு முன்பாகவே ஆபீஸில் இருந்தேன். பஸ்ஸில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. யாராவது ஒரு ஆமையைப் பற்றியாவது பேசமாட்டார்களா என்றிருந்தது.

அடுத்த நாள் காலை டீக்கடையில் போய் நின்றேன். "நேத்து ஆளக் காணோமே நைனா, ஒடம்பு சுகமில்லியா?" என்று கேட்டார் மாமு. ஆமாம் என்று பொய் சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன். அன்றைக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கம்பெனி பஸ் இருக்கும்போது எதற்காக அந்த ஓட்டை ஷேர் காரில் வந்து தினமும் லேட்டாகிறீர்கள் என்று கேட்டார்.

"பேசிக்கிட்டே வராங்க சார்" என்றேன். "பாதியில விட்டுட்டு இறங்க மனசு வரல."